வயிற்றைப் படிக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவுக்கு எதற்கு இந்தக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டுப் படி. நேரில் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்ததும் "தேத்தண்ணி இருக்காம்மா?" என்று பேச்சை மாற்றுவாய். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கணினிக்குள் தலையை விட்டிருப்பாய். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வாயாடிப் பிள்ளைகளை அடக்கியிருக்கிறேன், நீ ஒருவன் மட்டும் அடங்குவதில்லை. அதனால்தான் நீ கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, முன் ஜன்னலோரம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகராமல் நிற்கின்றன. ஹோர்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் எழுவேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் பேராசிரியருக்கு வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயம் இதுதான். நீ போகப் போவதில்லையாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உனக்குத் தந்திருக்கும் ஆராய்ச்சி இடத்தை வேண்டாம் என்று எழுதப் போகிறாயாம். இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு பௌசியாவின் மகள் ரிஸ்னா. உன்னோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளையிடம் ரகசியத்தைச் சொன்னால் அது மதில் தாண்டி வராதா? பாவம், அவள் சொல்ல வேண்டும் என்று வரவில்லை. கறிவேப்பிலை கேட்டு வந்தவள், உன்னை அண்ணனாக நினைத்துக் கூப்பிடுகிற வழக்கத்தில், "நானா போகாட்டி அந்த வேலையெல்லாம் அப்பிடியே நிண்டுடும் டீச்சர்" என்று வாய் தவறிவிட்டாள். நான் விடுவேனா? பிடித்து உட்கார வைத்தேன். "உங்களத் தனிய உட்டுட்டுப் போக ஏலாண்டு சொல்றாரு டீச்சர். உங்கட கை, முழங்கால் வீக்கத்த நெனச்சுத்தான் கவலப்படுறாரு. நான் சொன்னேண்டு சொல்லிடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். இப்போது சொல்லிவிட்டேன். அவளைக் கோபிக்காதே, கோபிப்பதென்றால் என்னைக் கோபி.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மகன் தன்னைப் பார்த்துக்கொள்ள நினைப்பது எந்தத் தாய்க்கும் உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்யும், எனக்கும் இனித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் முதுமையை ஒரு மூலையில் உட்கார வைத்து அதற்குக் காவல் இருக்க நீ முடிவு செய்துவிட்டாயே, அதுதான் பொறுக்கவில்லை. குசினியில் பாத்திரங்களை ஒரு பாடு போட்டு உடைத்தேன் என்று நினைத்துக்கொள். பிறகு கோபம் தணிந்து யோசித்துப் பார்த்தபோது, இந்தக் கோபத்துக்கு அடியில் கிடந்தது பெருமைதான் என்று புரிந்தது. நீ செய்கிற வேலை சாதாரண வேலையாக இருந்தால் போகாதே, என்னோடு இரு என்று நானே சொல்லியிருப்பேன். உன் வேலையின் மதிப்பை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழக் கூடாது என்று வளர்ந்தவள் நான். காகிதத்தில் புகழலாம் அல்லவா?

ஆரம்பத்தில் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "மருத்துவ ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். கடுகண்ணாவையில் உன் சித்தப்பா வீடு குடிபுகுந்த அன்று அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த உன்னிடமே அவர் கேட்டார். நீயும் கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "வயசானவங்ககிட்ட மலம் வாங்கி, அதுல என்னென்ன பக்டீரியா இருக்குன்னு பாக்குறோம் சித்தப்பா" என்றாய். அந்த வரிசையில் அதற்குப் பிறகு பாயாசம் கேட்க ஆள் இல்லை. "இதுக்காடா இம்புட்டுப் படிச்ச?" என்று சித்தப்பா கேட்டார். உன் சித்தி என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. பட்டுச்சேலையோடு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. நீயோ இன்னொரு கரண்டி கீரையை வாங்கிப் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு விளக்க ஆரம்பித்தாய்.

"நாம சாப்பிடுற கீரை, பயறு, பழத்துல இருக்கிற நாரை நம்ம வயித்தால கரைக்க முடியாது சித்தப்பா. கொடலுக்குள்ள இருக்கிற பக்டீரியாதான் அதச் சாப்பிடுது. சாப்பிட்டுட்டு அது வெளிய விடுற சில அமிலங்கள் இருக்கே, அதுதான் கொடல் சுவருக்குச் சாப்பாடு. நாரே போடாம வெறும் வெள்ள மாவும் சீனியும் எண்ணெயுமாப் போட்டா, நமக்கு வேண்டிய பக்டீரியா கொறஞ்சு போகுது, சுவரும் தளர்ந்து போகுது. அப்ப உடம்பு எதிரி வந்துட்டான்னு நெனச்சு சும்மா சும்மா சண்டைக்கு நிக்கும்." அந்தச் சண்டைக்குப் பெயர்தான் அழற்சி என்றாய். காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது நல்லது, ஆறியதும் அது அடங்கிவிட வேண்டும், வயது ஏற ஏற அடங்காமல் அடுப்புத் தணல் மாதிரி உடம்புக்குள் கனன்றுகொண்டே இருக்கிறது, அது மூட்டையும் இதயத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கிறது, நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தையும் கூட்டுகிறது என்றாய். வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை, தட்டில் விழுவது கொஞ்சமாவது நம் கையில் இருக்கிறது என்றும் சொன்னாய். சித்தப்பா சற்று நேரம் வாழைக்காய்ப் பொரியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப எனக்கு இருக்கிற சீனிக்கு என்னா சாப்பிடலாம்?" என்று கேட்டார். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் உன்னைச் சுற்றி ஒரு சிறிய கிளினிக்கே நடந்தது.

ஆனால் என் வெட்கம் அன்றைக்குப் போகவில்லை. அது போன இடம் ஹேவாஹெட்ட. நான் படிப்பித்த, நீ பிறந்த தோட்டத்திலேயே முதியவர்களிடம் இந்த ஆய்வைச் செய்யப் போவதாக நீ சொன்னபோது, வேறு தோட்டமே கிடைக்கவில்லையா என்றுதான் கேட்டேன். "இதுவரைக்கும் வெள்ளக்காரன் கொடலத்தாம்மா ஆகக் கூடப் படிச்சிருக்கு. கொழுந்து பறிச்சவங்க வயித்த யாரும் ஒழுங்காக் கேக்கல" என்றாய். சரி போ என்று விட்டேன். முதல் முறை நீயும் உன் கூட்டமும் பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அழைத்து, என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சோறு, பருப்பு, மீன், முட்டை, கிழமைக்கு இரண்டு தரம் கோழி. ஆணும் பெண்ணும் ஒரே பதில். "அவங்க சொல்றது நெசம்னா நாம எல்லாரும் தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பிப் போயிரலாம்மா, நம்ம வீட்டுலயே அவ்வளவு கோழி இல்ல" என்று வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டாய்.

அதைவிட மோசம் அந்தச் சிறிய போத்தல்கள். மறுநாள் காலையில் மாதிரியைப் போட்டுக் கொண்டுவந்து தாருங்கள் என்று கொடுத்தவற்றில் பாதி வெறுமனே திரும்பி வந்தன. காரணம் கேட்டால், வயிற்றைச் சோதிக்கப் பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பாதிப் பேரும் முதல் நாளே விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவி வைத்திருக்கிறார்கள்! டாக்டரைப் பார்க்கப் போகும்போது குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டு போகிற சனம் அல்லவா? உள்ளேயும் சுத்தமாகப் போவதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டார்கள். கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. நீ சொல்லச் சொல்ல நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உன்னோடு வந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் சிரிக்கவில்லை. இவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், வேறு இடம் பார்க்கலாம் என்று சொன்னாராம். அதற்கு நீ கொடுத்த பதிலை ரிஸ்னாதான் எனக்குச் சொன்னாள். "அவங்க ஒத்துழைக்காம இல்ல சேர். நமக்கு மரியாத பண்றாங்க. நாமதான் மேச போட்டு அவங்கள வெருட்டிட்டோம்" என்றாயாம். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உனக்கு மட்டும் முட்டை பொரித்தேன், ஏன் என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இரண்டாம் முறை மேசை இல்லை. என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாய். காலைப் பனி விலகாத நேரம், நாம் நேரே பேச்சியம்மா அக்கா வீட்டுக்குப் போனோம். ஆயுசெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர், பிள்ளைகள் மூன்று பேரும் என்னிடம் படித்துக் கொழும்புக்குப் போய்விட்டார்கள், லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பராவில் தனியே இருக்கிறார். நம்மைக் கண்டதும் பதறிக்கொண்டு பிஸ்கட் வாங்கிவர ஆள் தேடினார். நீ அடுப்பு மூலையில் மூடி வைத்திருந்த சட்டியைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, அது பழைய சோறுதான? எனக்குக் கொஞ்சம் தாங்க" என்றாய். "ஐயையோ, டீச்சர் மகனுக்குப் பழைய சோறா? நாய்க்கு வச்சிருக்கேன் தம்பி" என்றார் அவர். அந்த லயத்தில் நாயே கிடையாது. நீ உடனே, "எங்கம்மா காலையில இதத்தான் சாப்பிடுறாங்க. வெளிய சொல்ல மாட்டாங்க, அம்புட்டுத்தான்" என்றாய். எட்டிப் பார்க்க வந்த பக்கத்துக் காம்பராப் பெண்கள் முன்னால்! என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று எனக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. அந்தத் தோட்டத்தில் நான் டீச்சர். இஸ்திரி போட்ட சேலை இல்லாமல் என்னை யாரும் பார்த்ததில்லை. பாணும் பட்டரும் சாப்பிடுகிற ஆள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், நானும் நினைக்க விட்டிருந்தேன்.

"நெசமா டீச்சர்?" என்று பேச்சியம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தார். உன்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "ஆமாக்கா. ரெண்டு சின்ன வெங்காயம், ஒரு பச்ச மொளகா. அது இல்லாட்டி எனக்கு அன்னைக்குப் பொழுதே விடியாது" என்றேன். அவ்வளவுதான். அவர் சிரித்த சிரிப்பில் லயமே கூடிவிட்டது. அதற்குப் பிறகு ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கிக்கொண்டு சொன்னார்கள். கோழியும் மீனும் எங்கோ பறந்து போயின. காலையில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும், பத்து மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணி, மத்தியானம் மறுபடி ரொட்டி, இரவில் சோறு. பலாக் காலத்தில் பலாக்கொட்டை சுட்டுத் தின்பது, மருந்து அடிக்காத ஓடைப் பக்கம் போய் வல்லாரையும் பொன்னாங்காணியும் பறிப்பது, வீட்டுக்குப் பின்னால் நாலு மரவள்ளி. எல்லாம் வந்தது. நீ சோற்றுத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாய். இதையெல்லாம் ஏன் போன தரம் சொல்லவில்லை என்று யாரையும் நீ கேட்கவில்லை. அதைக் கவனித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு நீ எழுந்து வந்துவிடவில்லை. பழைய சோறும் கீரையும் பலாக்கொட்டையும் குடலுக்கு நல்லது என்று சொன்ன கையோடு, "அதுக்காக இதையே தின்னுட்டுக் கெடங்கன்னு சொல்ல நான் வரல பெரியம்மா. மூணு வேளையும் வெள்ள மா ரொட்டிதான்னா அது உடம்பக் கெடுக்கும். தேத்தண்ணியில போடுற சீனியும் கூட, சம்பல்ல உப்பும் கூட. பருப்பும் முட்டையும் உங்களுக்குக் கெடைக்கணும். கெடைக்காதது உங்க பெழையில்ல" என்றாய். வறுமையை மருந்து என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் வருவார்கள் என்று எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. என் மகன் அப்படி எழுத மாட்டான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பிறகு அந்த மாதிரிகள் வந்தன. விளக்கெண்ணெய் வேண்டாம், விசேஷச் சமையலும் வேண்டாம், வழக்கம் போலச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நீ சொல்லிவிட்டு வந்திருந்தாய். நாம் மறுபடி போன காலையில் முதல் ஆளாக வந்தவர் பேச்சியம்மா அக்கா. போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு நீட்டினார். நீ எழுந்து நின்று, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப நன்றி பெரியம்மா" என்றாய். அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். நான் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன். இவனைப் பெற்றவள் நான்தான் என்று அந்த மலைக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. டீச்சர் அல்லவா? பஸ்ஸில் வரும்போது உனக்கு வாந்தி வருகிறதா என்று மட்டும் கேட்டேன். அன்று முதல் யார் கேட்டாலும் நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று முழுதாகச் சொல்கிறேன். கண்டிப் பட்டணத்தில் ஒரு சேலைக் கடையில் வைத்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதும் ஒரு சந்தோஷம்தான்.

இனி என் உடம்புக்கு வருகிறேன், உன் கவலை அங்கேதானே இருக்கிறது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, முழங்கால் பூசணிக்காய் மாதிரி நிற்கும், உண்மை. நீ என் குசினியைக் கைப்பற்றியபோது நான் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. பாணைக் குறைத்தாய், குரக்கன் என்கிற கேழ்வரகைக் கொண்டுவந்தாய், பயறும் கௌபியும் அலுமாரித் தட்டில் வரிசை கட்டின, சாயங்காலத்துப் பொரித்த ரோல்ஸ் போய்த் தயிர் வந்தது. நீ மெதுவாகக் கூட்டச் சொன்னதைக் கேட்காமல் நான் ஒரேயடியாகப் பயறை அள்ளித் தின்றுவிட்டு, வயிறு ஊதி, பௌசியா வீட்டுக் கலியாணத்துக்குப் போக முடியாமல் கிடந்தேன். "கொடலுக்குள்ள புதுசா வந்த ஆளுங்களுக்கு வேல பழகணும்லம்மா, ஒரே நாள்ல மூட்டைய எறக்குனா?" என்று நீ சிரித்தாய். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டாலேயே குணமாக்கிக்கொள்ளலாமா என்று நான் கேட்டபோது மட்டும் உன் சிரிப்பு நின்றது. கிளினிக்கில் தந்ததை ஒருநாளும் விடக் கூடாது, சாப்பாடு துணைக்குத்தான், ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு விதம், யாருக்கும் நான் உறுதி தர மாட்டேன் என்றாய். ஊரெல்லாம் கைபேசியில் அற்புத மருந்து விற்கிற காலத்தில், சொந்த அம்மாவிடமே "தெரியாது" என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை எண்ணி நான் கர்வப்படாமல் வேறு யார் படுவது?

எனக்கு முற்றாகக் குணமாகிவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நான் எழுதவும் மாட்டேன். மழைக்காலத்தில் வலிக்கிறது. சில காலைகளில் போத்தல் மூடியைத் திறக்க பௌசியாவைக் கூப்பிடுகிறேன். ஆனால் பல காலைகளில் கொண்டையை நானே முடிகிறேன், தேங்காய் திருவுகிறேன், மார்க்கட்டுக்கு நடந்து போய் வருகிறேன். மாத்திரையாலா, பயறாலா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே நீ போக வேண்டும்? வயது போவது ஒரு நோய் என்று நினைத்து எனக்குக் காவல் நிற்காதே. நான் வயது போய்க்கொண்டிருக்கிற ஒரு மனுஷி, அவ்வளவுதான். அதுவும் பிடிவாதக்காரி. உன்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தோட்டத்துக்கெல்லாம் கீரை சொல்லிவிட்டு, நீ ஆய்வுகூடத்தில் கொத்து ரொட்டியும் சோடாவுமாக இருப்பது ரிஸ்னா சொல்லித்தான் தெரியும் என்று நினைக்கிறாயா? உன் சட்டைப் பையில் கடை பில் துண்டுகளைப் பார்க்கிறேன். போகிற ஊரிலாவது நேரத்துக்குச் சமைத்துச் சாப்பிடு. உனக்கும் முதுமை வரும், அதற்கு இப்போதிருந்தே சோறு போடுகிறாய்.

ரிஸ்னா சொல்லிவிட்டுப் போன மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹேவாஹெட்ட பஸ் ஏறினேன். தனியாகத்தான். லயத்துக்கு ஏறுகிற மேட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், அதை மறைக்கவில்லை, ஆனால் ஏறிவிட்டேன். பேச்சியம்மா அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். நீ போகிறாய் என்றுதான் தோட்டமே பேசிக்கொண்டிருந்ததாம். "அவரு போகாட்டி நாங்க குடுத்தது என்னா ஆகும் டீச்சர்?" என்று கேட்டார். நீ எனக்கு விளக்கியதை நான் அவருக்கு விளக்கினேன். இங்கே அதையெல்லாம் முழுதாகப் படிக்கிற வசதி இல்லை, அந்த நாட்டில் இருக்கிறது, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று அறிந்த நீயும் கூடப் போனால்தான் அதற்கு அர்த்தம் வரும், நீ போகாவிட்டால் ஐஸ் பெட்டியில் கிடக்கும் என்றேன். "எம்புட்டு நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன்.

அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு, "வெக்கத்த விட்டுக் குடுத்தோம் டீச்சர். பெத்த புள்ளைக்குக் கூடச் சொல்லாததெல்லாம் ஒங்க மகன்கிட்டச் சொன்னோம். எங்க ஒடம்புல என்னா மிச்சமிருக்குன்னு இதுவரைக்கும் ஒரு ஆளு கேட்டதில்ல. கேட்டுட்டு, பதிலு வாங்காம உக்காந்திருந்தா எப்புடி? ஒங்களுக்கு முடியலன்னா நான் வந்து ஒங்க கூட இருக்கேன். அவரப் போகச் சொல்லுங்க" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் விரல்களும் என் விரல்கள் மாதிரியேதான் வீங்கியிருந்தன.

ஆகவே, தம்பி, என்னைக் காரணம் காட்டாதே. பேச்சியம்மா அக்காவுக்கு நீ பதில் கடன்பட்டிருக்கிறாய், எனக்கில்லை. இங்கே பௌசியா இருக்கிறாள், கிளினிக் இருக்கிறது, ரிஸ்னா மாதாமாதம் தோட்டத்துக்குப் போகும்போது நானும் கூடப் போவதாகப் பேசி வைத்துவிட்டேன். தனிமையாக இருக்குமா என்றால், இருக்கும். நீ சாப்பிடாமல் மூடி வைத்த தட்டு மேசையில் இல்லாவிட்டால் அந்த மேசையை எனக்குப் பிடிக்காது. அதையும் தாங்குவேன். நீ கொழும்பிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் என்று எழுது. எழுதிவிட்டுக் குசினிக்கு வந்து என்னிடம் சொல். நான் அழுவேன். அதைப் பார்த்ததும் மனதை மாற்றிக்கொண்டு ஓடாதே. நான் அழுது முடியும் வரை பக்கத்தில் இரு, பிறகு எழுந்து போய்ப் பெட்டியைக் கட்டு.

உன்
அம்மா